4சான் கதையைச் சொல்கிறவர்கள் சறுக்குகிற இடங்கள்

பெயர் சொல்லாமல் படமும் எழுத்தும் போடுகிற இணையத்தளமான 4சான் என்றாலே பலருக்கும் கைவசம் ஒரு கதை உண்டு. ஹேக்கர்கள் கூடித் தொடங்கிய தளம், கேட்பார் கிடையாது, மீம் என்பதே அங்கேதான் பிறந்தது. மூன்றுமே கோணல்தான்.

தொடங்கியவர் கிறிஸ்டோபர் பூல். நியூயார்க் பையன், அப்போது வயது 15. சம்திங் ஆஃபுல் என்ற தளத்தின் அனிமே பகுதியில் அரட்டையடித்துப் பழகியவர். ஜப்பானில் ஓடிக்கொண்டிருந்த ஃபுட்டாபா சேனல் என்ற படப்பதிவுத் தளத்தின் நிரலை எடுத்து, அதிலிருந்த ஜப்பானிய வரிகளை பேபல்ஃபிஷ் மொழிபெயர்ப்பானில் போட்டு ஆங்கிலமாக்கி, 2003 அக்டோபர் 1-ஆம் தேதி திறந்துவிட்டார். உள்ளே அவர் பெயர் 'மூட்'. உண்மைப் பெயர் வெளியே வந்தது 2008 ஜூலையில்தான். இன்றைய விதிப்படி 18 வயது நிரம்பாதவருக்கு அங்கே அனுமதியில்லை. தொடங்கியவரையே வாசலில் நிறுத்தியிருக்கும் விதி!

அடுத்தது பெயர்க் குழப்பம். 2சேனல் என்பது 1999-இல் ஹிரோயுகி நிஷிமுரா தொடங்கிய தளம். வெறும் எழுத்துதான், படம் கிடையாது. 2001-இல் அது மூடப்படும் போலிருந்தபோது அங்கிருந்தவர்கள் ஒதுங்குவதற்காக உருவானது ஃபுட்டாபா. அதன் இணைய முகவரி '2சான்' என்று இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். 4சான் ஃபுட்டாபாவின் வழியில் வந்தது. பெயரில் ஒத்த இன்னொரு தளமான 8சானோ 2013-இல் வேறொருவர் தொடங்கியது. குழப்பம் தீரக்கூடாது என்பதுபோல், 2015 ஜனவரியில் பூல் விலகிய பிறகு செப்டம்பரில் 4சானை வாங்கியவர் அதே நிஷிமுரா. ஆகவே 2017 அக்டோபரில் அங்கே முளைத்த க்யூஅனான் என்ற சதிக் கோட்பாட்டு விவகாரத்தைப் பூலின் தலையில் எழுதினால் கணக்கு உதைக்கும்.

'கேட்பார் இல்லாத இடம்' என்பதை நான் படித்த கட்டுரைகளில் பாதி பேர் எழுதியிருக்கிறார்கள். தளம் போர்டுகளாக, அதாவது தலைப்புவாரிப் பகுதிகளாகப் பிரிந்தது. எதையும் பேசலாம் என்றிருக்கும் 'பி' போர்டில் விதிகள் குறைவுதான். மற்ற போர்டுகளில் தலைப்பை விட்டு விலகினாலே பதிவு பறந்துவிடும். பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். அவர்களுக்குக் கீழே ஜானிட்டர்கள். பேரே சொல்கிறது, கூட்டிப் பெருக்குகிற வேலை. ஜானிட்டர் தனக்கு ஒதுக்கிய போர்டில் பதிவை அழிக்கலாம். ஆளைத் தடை செய்ய வேண்டுமென்றால் மேலே கேட்டு அனுப்ப வேண்டும். 2011 ஜனவரியில் செய்திப் போர்டில் இனவெறி முற்றிவிட்டதென்று பூல் அதை ஒரேயடியாகத் தூக்கினார். அதே ஆண்டு அரசியலுக்கென்று புதுப் போர்டு திறந்தார். அதுவும் இனவெறிக்கே பேர்போனதாக மாறியது ஊரறிந்த கதை.

சரி, பெயரில்லாமல் பேசுவதும் பதிவுகள் அழிந்துபோவதும்? இதைப் பெரிய தத்துவமாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஃபுட்டாபாவிலிருந்து வந்த நிரலே அப்படித்தான். பதில் வந்தால் திரி, அதாவது ஒரு பதிவும் அதன் பதில்களும், மேலே ஏறும். வராவிட்டால் இறங்கி இறங்கி, கடைசிப் பக்கத்தையும் தாண்டி மறைந்துவிடும். 'பி' போர்டைப் பற்றி 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, பாதித் திரிகள் 5 நிமிடம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை என்றும் 90 சதவீதத்துக்கும் மேலான பதிவுகளில் பெயரே இல்லை என்றும் கண்டது. தளம் எதையும் பாதுகாக்காததால் பிடித்த படத்தை ஆட்களே கணினியில் இறக்கி வைத்துக்கொண்டார்கள். மறுநாள் திரும்பப் போட்டார்கள், சிலர் ஒரு வரியை மாற்றிப் போட்டார்கள். சுமாரான படம் அன்றைக்கே செத்துப்போனது.

பெயர் தெரியாது என்பதை ஆளைப் பிடிக்கவே முடியாது என்று புரிந்துகொள்வது இன்னொரு தவறு. 2006 அக்டோபரில் அமெரிக்கக் கால்பந்து மைதானங்கள் 7-இல் குண்டு வெடிக்கும் என்று அங்கே எழுதியவர் சில நாட்களிலேயே சிக்கினார். அமெரிக்க அரசியல்வாதி சாரா பாலினின் மின்னஞ்சலுக்குள் புகுந்து அதை 4சானில் போட்டவர் மீதான வழக்கில், 2010-இல் டென்னசி நீதிமன்றத்தில் பூலே சாட்சிக் கூண்டில் ஏறி, தளத்தின் கொச்சைச் சொற்களுக்கெல்லாம் பொருள் சொன்னார்.

மீம் எல்லாம் அங்கே பிறந்ததுமில்லை. 'ஆல் யுவர் பேஸ்' என்ற மீம் 2001-லேயே இணையத்தைக் கலக்கியது. அப்போது 4சானே கிடையாது. அங்கே பிறந்ததையும் யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததாக நினைக்க வேண்டாம். 2006-இல் பூல் விளையாட்டாக ஒரு வடிகட்டி வைத்தார்: யார் 'எக்' (முட்டை) என்று எழுதினாலும் திரையில் 'டக்' (வாத்து) என்று மாறிவிடும். ஒருவர் எழுதிய எக்ரோல், டக்ரோல் ஆனது. உடனே இன்னொருவர் வாத்துக்குச் சக்கரம் மாட்டிப் படம் போட்டார். அப்புறம் ஏதோ ஆசை காட்டி ஒரு சுட்டி கொடுப்பதும், சொடுக்கினால் சக்கர வாத்து வந்து நிற்பதும் வழக்கமாயிற்று. 2007-இல் ஒரு வீடியோ கேமின் முன்னோட்டத்துக்காக எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தபோது, இதோ இருக்கிறது என்று யாரோ சுட்டி கொடுத்தார். ஓடிவந்து சொடுக்கினவர்களுக்கு வாத்து வரவில்லை. 1987-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டு பாடகர் ரிக் ஆஸ்ட்லி வந்தார். 'ரிக்ரோல்' மீம் பிறந்தது இப்படித்தான்.