பள்ளிப் பேருந்துக் கேமராக்கள்: திட்டங்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து நின்று, சிவப்பு விளக்குகள் மின்ன, இடப்புறத்திலிருந்து ‘ஸ்டாப்’ பலகை வெளியே நீண்டுவிட்டால், பின்னால் வரும் வண்டிகள் நின்றே ஆக வேண்டும்; பெரும்பாலான சாலைகளில் எதிரே வருபவையும் நிற்க வேண்டும். மீறுபவரைப் போலீஸ்காரர் நேரில் பிடிப்பது அரிது என்பதால், பேருந்தின் பக்கவாட்டிலேயே கேமராவைப் பொருத்தி, நம்பர் பிளேட்டைப் படம்பிடித்து, உரிமையாளருக்குத் தபாலில் அபராதச் சீட்டு அனுப்பும் முறை பல மாநிலங்களில் வந்திருக்கிறது. நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஒரு வண்டி கடந்துபோனதைத்தான் கேமரா காட்டும். அது குற்றமா என்பதைச் சாலையின் அமைப்பையும் சட்டத்தின் வாசகத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

சாலையைப் படிக்காமல் கேமராவைப் பூட்டிவிடுவதே பெரிய தவறு. ஃபுளோரிடா சட்டப்படி, சாலையின் நடுவே உயர்த்திக் கட்டிய தடுப்போ, குறைந்தது 5 அடி அகலத்துக்குத் தளமிடாத நிலமோ இருந்தால் எதிர்த்திசையில் வருபவர் நிற்க வேண்டியதில்லை; வெறும் மஞ்சள் கோடுதான் என்றால் நிற்க வேண்டும். நியூயார்க்கிலோ நடுத்திட்டு இருந்தாலும் இருபுறமும் நின்றாக வேண்டும். ஃபுளோரிடாவின் மயாமி-டேட் மாவட்டத்தில் 2024-இல் தொடங்கிய திட்டத்தில், புல் வளர்ந்த நடுத்திட்டுக்கு அப்பால் சட்டப்படியே போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் 225 டாலர் அபராதச் சீட்டு போனது. புகார்கள் குவிந்து, 2025-இல் ஷெரிஃப் அலுவலகமே (மாவட்டக் காவல்துறையே) திட்டத்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. ஒவ்வொரு காட்சியோடும் ஜிபிஎஸ் இடக்குறிப்பு பதிவாகிறது. எந்த நிறுத்தம் எந்த வகைச் சாலையில் இருக்கிறது என்று முன்கூட்டியே வரைபடத்தில் குறித்திருந்தால், இத்தகைய பதிவுகள் பரிசீலனை மேசைக்கே வந்திருக்காது.

அடுத்தது சாட்சியத்தில் விடும் ஓட்டை. காணொளியில் நிற்கும் முன் எரியும் எச்சரிக்கை மஞ்சள் விளக்கு, பேருந்து நிற்பது, சிவப்பு விளக்கு, பலகை நீள்வது, வண்டி கடப்பது என எல்லாம் வரிசையாகத் தெரிய வேண்டும். பலகை நீளும்போதே பேருந்தின் முன்பம்பருக்கு நேராக வந்துவிட்ட வண்டியையும், பலகை முழுதும் நீண்ட பிறகு பின்னாலிருந்து வேகமெடுத்து வந்த வண்டியையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. நான்கு நொடித் துண்டை மட்டும் வெட்டி அனுப்பினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். நியூயார்க் மாநிலத்தில் 2023-இல் மேல்முறையீட்டு அமர்வொன்று, பேருந்து பிள்ளைகளை ஏற்றவோ இறக்கவோதான் நின்றது என்பதைச் சமர்ப்பித்த சாட்சியம் நிறுவவில்லை என்று கூறி ஓர் அபராதத்தைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகே, பலகை நீண்டிருந்தால் அந்த நோக்கத்துக்காக நின்றதாக அனுமானிக்கலாம், மறுப்பவர் எதிர்ச்சாட்சியம் தரலாம் என்று 2024-இல் சட்டம் திருத்தப்பட்டது. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

பல ஊர்களில் தனியார் நிறுவனம் கேமராவை இலவசமாகப் பொருத்திவிட்டு, வசூலாகும் அபராதத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறது. சீட்டு கூடக்கூட வருமானம் கூடும் ஏற்பாட்டில், சந்தேகத்துக்குரிய பதிவைத் தூக்கியெறிய யாருக்கும் அக்கறை இருக்காது என்பது என் கருத்து. மாதக் கட்டணமாக ஒப்பந்தம் போடுவதே நல்லது. முதற்கட்ட வடிகட்டலை மென்பொருளோ நிறுவன ஊழியரோ செய்யட்டும். கடைசிக் கையெழுத்துப் போடும் போலீஸ் அதிகாரி காணொளியை முழுதாகப் பார்க்க வேண்டும், வரிசையாக ‘சரி’ என்று தட்டிக்கொண்டே போகக் கூடாது.

சீட்டு கிடைத்தவர்களிடமும் ஒரு குழப்பம் உண்டு. நியூயார்க்கில் கேமரா வழி வரும் முதல் அபராதம் 250 டாலர். அது உரிமையாளர் மீதான பொறுப்பு மட்டுமே, ஓட்டுநர் உரிமத்தில் விதிமீறலுக்கான தண்டப் புள்ளிகள் ஏறாது. போலீஸ் நேரில் பிடித்தால் புள்ளிகளும் ஏறும். இது தெரியாமல், ‘வண்டியை நான் ஓட்டவில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால் அபராதம் நீங்காது. வண்டி திருட்டுப் போயிருந்தால் அதற்கான போலீஸ் புகாரின் நகலை இணைக்க வேண்டும். எதுவானாலும் முதலில் காணொளியைப் பார்த்துவிட்டு, கெடு முடிவதற்குள் பதில் அனுப்ப வேண்டும்.

கேமரா வந்துவிட்டதாலேயே பேருந்து நிறுத்தங்களை மறுபரிசீலனை செய்யாமல் விடுவதும் தவறு. ஒரே நிறுத்தத்தில் நாள்தோறும் மீறல் பதிவானால், அங்கே பிள்ளைகள் நான்கு தடச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்து, வீடுகள் உள்ள பக்கத்திலேயே ஏறி இறங்கும்படி பேருந்தின் தடத்தை மாற்ற வேண்டும். அந்தப் பதிவுகளைக் கணக்குப் பிரிவுக்கு மட்டும் அனுப்பாமல், தடம் வகுக்கும் அலுவலருக்கும் மாதந்தோறும் அனுப்பினால் போதும்.