முதல் ரைபிள்: முழுசாக வாங்குவதா, பாகம் பாகமாகச் சேர்ப்பதா?

அமெரிக்காவில் கிரீன் கார்டு வந்து, டெக்சாஸ் மாதிரி ஒரு மாநிலத்தில் வீடும் வாங்கியாச்சு என்றால், ஆபீஸ் நண்பர் யாராவது ஒருநாள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிடுவார். போய்விட்டு வந்த வாரமே யூடியூப் பாடம் ஆரம்பித்துவிடும். "கடையில் ஏன் வாங்குகிறாய்? ஏஆர்-15 ரைபிளின் பாகங்களை வாங்கி நீயே சேர்த்துக்கொள், செலவு பாதிதான், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற மாதிரிதான்" என்பார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ரைபிளை முழுசாக வாங்குங்கள். சேர்ப்பதெல்லாம் இரண்டாவதுக்கு. காரணம் விலை இல்லை, அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். முடிவு உங்களுடையதுதான், ஆனால் கீழே இருக்கும் வரிசையில் யோசித்துவிட்டு எடுங்கள்.

படி 1: உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?

நம்மவர்கள் பலர் தாண்டிப்போகிற படி இதுதான். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சில விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதில் முக்கியமானது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை கிடையாது.

"ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதில் என்ன இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். கையில் பிடிப்பதும் வைத்திருப்பதாகவே எண்ணப்படும். ஃப்ளோரிடாவில் படிக்க வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, விசா தகுதியை இழந்த ஒரு வெளிநாட்டு மாணவர் ரேஞ்சில் சுட்டார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2019-இல்தான் தீர்ப்பு வந்தது. குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுக்கொள்வது இதைவிட மலிவு. உங்களுக்கு கிரீன் கார்டு, மனைவி இன்னும் தற்காலிக விசாவில் என்றால் அதையும் சேர்த்தே கேளுங்கள். பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே பெரிய கேள்வி.

இன்னொன்று, கஞ்சா பயன்படுத்துவது. உங்கள் மாநிலத்தில் சட்டப்படி விற்கலாம், ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தில் தடைதான். வாங்கும்போது நிரப்பும் படிவத்தில் இதை நேராகவே கேட்பார்கள்.

அப்புறம் மாநிலம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மேரிலாந்து, இல்லினாய், வாஷிங்டன் போன்ற இடங்களில் ஏஆர் வகைக்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ உண்டு. நியூ ஜெர்சியில் சாதாரண ரைபிளுக்கே முன்கூட்டி அடையாள அட்டை வாங்க வேண்டும். அங்கே எடிசனில் இருப்பவர் டெக்சாஸில் டாலஸ் நண்பரின் வீடியோவைப் பார்த்து ஆர்டர் போட்டால் வம்புதான்.

படி 2: எதற்கு?

வேட்டைக்கா, பேப்பர் இலக்கைச் சுட்டுப் பழகவா, போட்டிக்கா? பழகத்தான் என்றால் ஏஆர்-15ஐ விட்டுவிட்டு .22 ரைபிள் ஒன்றைப் பாருங்கள். 1964-இலிருந்து விற்கும் ரூகர் 10/22 இதில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். உதைப்பு கிடையாது, சத்தம் குறைவு. .22 தோட்டா ஒன்று ஏறத்தாழ பத்து சென்டுக்குள் கிடைக்கும். ஏஆர்-15இன் 5.56 தோட்டா அதைப்போல நான்கைந்து மடங்கு ஆகும். சுடப் பழகுவது தோட்டாவில்தான் இருக்கிறது, துப்பாக்கியில் இல்லை.

அதெல்லாம் யோசித்தாச்சு, ஏஆர்தான் வேண்டும் என்கிறீர்களா? சரி, மேலே போவோம்.

படி 3: எது துப்பாக்கி, எது உதிரிபாகம்?

யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் கம்பெனியில் 1950களில் வடிவமைத்தது ஏஆர்-15. 1959-இல் உரிமை கோல்ட் கம்பெனிக்குப் போனது. 1977-இல் முக்கியக் காப்புரிமைகள் காலாவதியான பிறகு யார் வேண்டுமானாலும் செய்ய ஆரம்பித்தார்கள். ராணுவ அளவுகள் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டிருந்ததால் ஒரு கம்பெனியின் பாகம் இன்னொன்றில் பெரும்பாலும் பொருந்தும். சேர்ப்பது என்கிற பொழுதுபோக்கே இதனால்தான் வந்தது.

ரைபிள் இரண்டு பாதியாகப் பிரியும். கீழ்ப்பாதி லோயர். ட்ரிகர், தோட்டா நிரப்பிய மேகசின் செருகும் இடம், தோளில் வைக்கும் கட்டை எல்லாம் இதில் இருக்கும். மேல்பாதி அப்பர். குழல், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட், சுடும்போது வரும் வாயுவைப் பின்னால் கொண்டுவந்து போல்ட்டை நகர்த்தும் வாயுக் குழாய் இதில். இரண்டையும் இணைப்பது இரண்டே இரண்டு பின்.

கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் லோயர்தான் துப்பாக்கி. வரிசை எண் அதில்தான் பொறித்திருக்கும், புதிதாக வாங்கும்போது அது உரிமம் பெற்ற வியாபாரி மூலமாகத்தான் வரும். வெறும் லோயர் ரைபிள் என்றும் கணக்கில் வராது, கைத்துப்பாக்கி என்றும் வராது. படிவத்தில் 'மற்றவை' என்று போகும், அதனால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். முழு ரைபிள் என்றால் கூட்டாட்சி அளவில் 18 போதும். மாநிலம் அதைக் கூட்டியிருக்கலாம்.

வரிசை எண் இல்லாத அரைகுறை லோயர் கிட் பற்றி யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். 2022-இல் அதற்கு விதி வந்தது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. குடியேறி வந்தவர் விளையாடிப் பார்க்கிற இடம் அது இல்லை.

படி 4: கணக்குப் போடுங்கள்

கடையில் ஆரம்பநிலை ஏஆர்-15 (ஸ்மித் அண்ட் வெசன் எம்&பி15 ஸ்போர்ட் வகையறா) சுமாராக 500 முதல் 800 டாலர். பாகங்களைத் தனித்தனியாக அதே தரத்தில் வாங்கிக் கூட்டிப் பாருங்கள், தொகை அதற்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்குகின்றன, நீங்கள் ஒன்று வாங்குகிறீர்கள்.

வீடியோக்காரர் சொல்லாத செலவு கருவிகள்தான். மேஜையில் பூட்டும் வைஸ், ரைபிளைப் பிடிக்கும் பிளாக், எவ்வளவு முடுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்ச், ஏஆருக்கென்றே உள்ள ரெஞ்ச், பின்களைத் தட்டும் பஞ்ச் செட், தோட்டா உட்காரும் இடைவெளியைச் சோதிக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ். நூற்றைம்பது, இருநூறு டாலர் சாதாரணமாகப் போய்விடும். ஐந்து ரைபிள் சேர்ப்பவருக்கு அது பெரிதில்லை. ஒன்று சேர்ப்பவருக்கு மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே கரையும்.

விற்கும்போதும் வித்தியாசம் தெரியும். கம்பெனி பெயர் போட்ட ரைபிளுக்குச் சந்தை விலை என்று ஒன்று உண்டு. நீங்கள் சேர்த்ததை வாங்க வருபவர் "யார் முடுக்கியது?" என்று கேட்டுவிட்டுப் பாக விலைக்கும் குறைவாகத்தான் கேட்பார்.

படி 5: சிக்கினால் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

என் முடிவுக்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது.

ரேஞ்சில் சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவது மேகசினின் நடுவில் ட்ரிகரை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பார்க்கிறீர்கள். சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியே வராமல் போல்ட்டுக்கும், குழலில் தோட்டா உட்காரும் அறைக்கும் நடுவே குறுக்காக நிற்கிறது. ஏன்?

தோட்டா பலவீனமாக இருக்கலாம். உறையைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் சரியாகக் கவ்வாமல் இருக்கலாம். எண்ணெய் போதாமல் இருக்கலாம். குழலிலிருந்து வாயுவைத் திருப்பிவிடும் கேஸ் பிளாக் ஒரு மயிரிழை விலகி, துளை பாதி அடைபட்டிருக்கலாம். போல்ட்டைத் தாங்கி நகரும் போல்ட் கேரியரின் மேலே இருக்கும் சிறிய கேஸ் கீ தளர்ந்து வாயு கசியலாம். கட்டைக்குள், பின்னால் வரும் போல்ட்டைத் தாங்கும் பஃபர் எடை கூடுதலாக இருக்கலாம். நீங்கள் பிடித்த பிடியே தளர்வாக இருந்திருக்கலாம்.

கடையில் வாங்கிய ரைபிள் என்றால் எண்ணெய் விடுவீர்கள், வேறு தோட்டா போடுவீர்கள், அனுபவமுள்ள ஒருவரைச் சுடச் சொல்வீர்கள். அப்போதும் சிக்கினால் பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பிவிடலாம். உங்கள் சந்தேகப் பட்டியல் மூன்று நான்கில் முடிந்தது. நீங்களே சேர்த்தது என்றால் அத்தனையும் பட்டியலில் இருக்கும், கூடவே உங்கள் கைவேலையும். சரியாக ஓடும் ஏஆர் எப்படி உதைக்கும், உறையை எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் எறியும் என்பது இன்னும் உங்கள் தோளுக்கே தெரியாது. ஒப்பிட ஒன்று இல்லாமல் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஹெட்ஸ்பேஸ் இதைவிடக் கடுமையான விஷயம். தோட்டா அறைக்குள் உட்காரும் இடத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளி அது. வரம்புக்கு மேலே போனால் உறை கிழிந்து, பெரும் அழுத்தத்தில் உள்ள வாயு உங்கள் முகத்துக்குப் பக்கத்திலேயே வெளியேறலாம். குழல் ஒரு கம்பெனி, போல்ட் இன்னொரு கம்பெனி என்று சேர்ப்பவர் கேஜ் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். "எல்லாம் ஒரே அளவுதான், பார்க்க வேண்டாம்" என்று சொல்பவர் உங்கள் கண்ணுக்குப் பொறுப்பேற்க மாட்டார்.

படி 6: நடுவழி ஒன்று உண்டு

ஆசை அடங்கவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். பக்கத்துக் கடையில் முழுசாகச் சேர்த்த லோயர் வாங்குங்கள். முழுசாகச் சேர்த்த அப்பரை, போல்ட் உட்பட, ஒரே கம்பெனியிடம் வாங்குங்கள். இரண்டையும் இரண்டு பின்களால் இணைத்தால் வேலை முடிந்தது. குழலும் ஹெட்ஸ்பேஸும் பார்த்தது கம்பெனி. கட்டை, குழல் நீளம், கைப்பிடி எல்லாம் உங்கள் தேர்வு. விலையும் சற்றுக் குறையலாம், ஏனென்றால் முழுத் துப்பாக்கிக்கு உற்பத்தியாளர் கட்டும் 11% கூட்டாட்சி வரி தனி அப்பருக்குக் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. அப்பர் தேடும்போது 10.5 அங்குலக் குழல் அழகாகத் தெரியும், விலையும் ஆசை காட்டும். தோள்கட்டை வைத்த லோயரில் 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலைப் பூட்டினால் அது 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டிய ஆயுதம். பதிவில்லாமல் பூட்டினால் பத்து வருடம் வரை சிறை. முதல் ரைபிளுக்கு 16 அங்குலம், மிட்-லெங்த் (வாயுக் குழாய் நடுத்தர நீளம்) வாயு அமைப்பு என்று கேளுங்கள். உதைப்பு மென்மையாக இருக்கும், வழக்கும் வராது.

படி 7: கடைக் கவுன்டரில்

படிவம் 4473 கொடுப்பார்கள். குடியுரிமை, விசா பற்றிய கேள்விகளை நிதானமாகப் படித்து நிரப்புங்கள். கிரீன் கார்டும் தற்போதைய முகவரியுள்ள ஓட்டுநர் உரிமமும் கையில் இருக்கட்டும். பின்னணிச் சோதனை சில நிமிடத்திலும் முடியலாம், தாமதம் என்றும் வரலாம். நம் பெயர்களுக்குத் தாமதம் வந்தால் பதற வேண்டாம். நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்குவது மட்டும் கூடவே கூடாது. 2022-இலிருந்து அதற்கு 15 வருடம் வரை தண்டனை.

ரைபிளைக் கையில் வாங்கியதும் காலியாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள், கடைக்காரர் பார்த்திருந்தாலும் சரி. பிறகு குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 5.56 என்றிருந்தால் .223 தோட்டாவும் போடலாம். .223 ரெமிங்டன் என்று மட்டும் இருந்தால் 5.56 போடக் கூடாது, அழுத்தம் எகிறும். .300 பிளாக்அவுட் தோட்டாவை ஏஆர் வைத்திருக்கும் வீட்டில் கலந்து வைக்கவே வேண்டாம். அதே மேகசினில் ஏறும், 5.56 அறைக்குள்ளும் நுழைந்துவிடக்கூடும், சுட்டால் ரைபிள் வெடிக்கும்.

போல்ட் கேரியரை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் கீயின் இரண்டு திருகுகளையும் சுற்றி உலோகம் உளியால் நெரித்துவிட்டது போல அழுந்தியிருக்க வேண்டும். திருகு கழலாமல் இருக்கச் செய்வது அது. வழவழவென்று இருந்தால் வேறு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

மொத்தப் பணத்தையும் ரைபிளிலேயே கொட்டாதீர்கள். காதுக் கவசம், கண்ணாடி, பூட்டும் பெட்டகம், சில நூறு தோட்டா, ஒருநாள் பயிற்சி வகுப்பு, எல்லாவற்றுக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ரைபிள் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டகம் முதலில் வர வேண்டும், ரைபிள் அதற்குப் பிறகு.

படி 8: இரண்டாவதைச் சேர்க்கும்போது

சில மாதம் சுட்டு, பிரித்துத் துடைத்து, எது எங்கே உட்காருகிறது என்று கைக்குப் பழகிய பிறகு சேர்க்க ஆரம்பிக்கலாம். அப்போதும் லோயரை மட்டும் முதலில் சேருங்கள், முழு அப்பரைக் கடையில் வாங்குங்கள். குழல் மாட்டுவதைக் கடைசிக்கு வையுங்கள்.

லோயர் வேலையில் எல்லோரையும் அழவைப்பது முன்பக்கத்துப் பின்னைப் பிடித்து வைக்கும் டீடென்ட் என்கிற குட்டி உலோகத் துண்டும் அதன் ஸ்பிரிங்கும். மிளகைவிட மெல்லிய அந்தத் துண்டை ஸ்பிரிங்கின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டே பின்னைச் செருக வேண்டும். விரல் நழுவினால் அறையின் அந்தக் கோடிக்குப் பறக்கும், கம்பளத்தில் விழுந்தால் கிடைக்காது. பெரிய கண்ணாடிப் பிளாஸ்டிக் பைக்குள் லோயரோடு இரண்டு கையையும் விட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள். ஆர்டர் போடும்போதே உபரி டீடென்ட்டும் ஸ்பிரிங்கும் இரண்டு செட் சேர்த்துப் போட்டுவிடுங்கள், சில டாலர்தான்.