பேய்க் காமெடிக்கு இரண்டாம் பாகம் எடுப்பது எப்படி? மொரிஷியஸிலிருந்து ஒரு செய்முறை

ரோஸ் ஹில்லில் எங்கள் இளைஞர் குழு எடுத்த முதல் பேய்ப் படம் 18 நிமிடம் ஓடும். கோயில் மண்டபத்தில் போட்டோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "அந்தக் கொத்தனார் அப்புறம் எங்கே போனார்?" என்று கேட்டார். கொத்தனார்தான் எங்கள் பேய். பாட்டிக்குப் பதில் சொல்லத்தான் இரண்டாம் பாகம் எடுத்தோம். ஒரு போன், ஒரு ட்ரைபாட், இரண்டு எல்இடி விளக்கு இருந்தால் நீங்களும் எடுக்கலாம்.

படி 1: பழைய படத்தை நோட்டும் கையுமாகப் பாருங்கள்

சிரிப்பு எந்த நிமிடத்தில் வந்தது, யார் முகம் திரையில் இருந்தபோது வந்தது என்று எழுதுங்கள். எங்களுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பேய் வந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பேயைப் பார்த்த பேரன் குளியலறைக்குள் ஓடி, தாழ்ப்பாள் போட்டு, விடியும்வரை பல் துலக்கிக்கொண்டே நின்றானே, அங்கேதான் மண்டபம் குலுங்கியது.

ஆகவே இரண்டாம் பாகத்தில் விடக் கூடாத ஆள் பேய் இல்லை, பயந்தாங்கொள்ளிதான். 2007-இல் வந்த 'முனி'யையும் அதன் தொடர்ச்சியாக 2011-இல் வந்த 'காஞ்சனா'வையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பேய் வேறு, குடும்பம் வேறு, நாயகனின் பெயர்கூட வேறு. இருட்டைக் கண்டு நடுங்கும் அந்த ஆள் மட்டும் அப்படியே இருக்கிறார்.

படி 2: பேய்க்குச் சட்டம் எழுதுங்கள்

நான் அதிக நேரம் செலவழித்தது இந்தப் படியில்தான். நீங்களும் அவசரப்படாதீர்கள். பேயால் என்ன முடியும், என்ன முடியாது என்று ஒரே பக்கத்தில் எழுதிவிடுங்கள். முதல் பாகத்தில் போட்ட சட்டத்தை மீறாமல், புதிதாக ஒன்றே ஒன்று சேருங்கள். இரண்டு மூன்று சேர்த்தால் பார்ப்பவர்கள் குழம்பிப் போவார்கள்.

எங்கள் பேயின் கதை இது. 1735-இல் இந்தத் தீவுக்குப் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே, இன்றைய தலைநகர் போர்ட் லூயிஸைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். அவர்களில் தமிழர்கள் பலர். எங்கள் கொத்தனார் அந்தக் கூட்டத்தில் ஒருவர். முதல் பாகத்தில் ஒரு பழைய மரப்பலகை வீட்டின் இடுக்கு வழியே சுலபமாக உள்ளே வந்துவிடுவார். ஆனால் 1960-இல் கரோல் புயல் அடித்த பிறகு இந்தத் தீவில் காங்கிரீட் வீடுகள் பெருகிவிட்டன இல்லையா? அதையே புதுச் சட்டமாக்கினோம்: பேயால் காங்கிரீட்டுக்குள் நுழைய முடியாது.

சரி, அப்புறம் அவர் எப்படி உள்ளே வருவார்? மனிதரைப் போல வாசலில் நின்று மணி அடிக்க வேண்டியதுதான். படத்தில் வரும் பேரனின் பாட்டி கதவைத் திறக்கிறார். "செருப்பை வெளியே விட்டுட்டு வாப்பா" என்கிறார். பேய் குனிந்து பார்க்கிறது. காலே இல்லை. அந்த ஒரு சட்டத்திலிருந்து இப்படி ஏழு காட்சிகள் கிடைத்தன. உள்ளே வந்ததும் அவர் முதலில் செய்யும் வேலை, தூக்குக்குண்டை எடுத்துச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேய்க்கதை கேளுங்கள். 1994 பிப்ரவரியில் ஹொலண்டா புயல் வந்து மின்சாரம் போனபோது 'துனி மின்வி' (நடுநிசியில் அம்மணமாக வருவதாகச் சொல்லப்பட்ட உருவம்) என்ற பயம் இந்தத் தீவையே ஆட்டியது. அந்த இரவுகளில் கதவுக்கு முட்டுக்கொடுக்க எதை எதையெல்லாம் இழுத்துப் போட்டார்கள் என்று எனக்கு அத்தை சொன்னார். அம்மிக்கல்லும் அதில் உண்டு. அதை அப்படியே காட்சியாக வைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும்: சாமியையும் கோயில் சடங்கையும் கேலிப்பொருள் ஆக்காதீர்கள். பேய் போதும்.

படி 3: யார் எந்த மொழி பேசுவார்கள்?

இங்கே பல வீடுகளில் புழங்குவது கிரியோல். தமிழைப் பள்ளியில் படிக்கிறோம். இதை மறைக்காமல் கதையில் வையுங்கள். எங்கள் பேய்க்குக் கிரியோல் தெரியாது, பேரனுக்குத் தமிழ் அரைகுறை. இருவருக்கும் நடுவில் பாட்டி மொழிபெயர்க்கிறார், அதுவும் தனக்குச் சாதகமான வார்த்தைகளை மட்டும்.

படி 4: போனைத் தயார் செய்யுங்கள்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 வினாடி என்று வையுங்கள். 30 பிரேமில் எடுத்தால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். இரவுக் காட்சிகளை ஜூன், ஜூலையில் வைத்துக்கொண்டால் நல்லது. மாலை 6 மணிக்கே இருட்டிவிடும், பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பலாம்.

படி 5: கண்ணாடியில் பேய்

இது 1862-இல் லண்டன் மேடையில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிப் புகழ்பெற்ற வித்தை. இன்றும் கணினி உதவி இல்லாமல் செய்யலாம். பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்து, ஓரம் முழுக்க டேப் ஒட்டுங்கள். இரண்டு பேர் இல்லாமல் அதைத் தூக்க வேண்டாம். போனுக்கும் அறைக்கும் நடுவில், போனின் பார்வைக்கு 45 டிகிரி கோணத்தில் திருப்பி, தரைக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். பேயாக நடிப்பவர் பக்கவாட்டில், போன் கண்ணில் படாமல், கறுப்புத் துணிக்கு முன்னால் நிற்க வேண்டும். அறைக்குள் பேய் தெரிய வேண்டிய இடம் கண்ணாடியிலிருந்து எவ்வளவு தூரமோ, அவரும் அதே தூரத்தில் நிற்க வேண்டும்.

அவர்மேல் விழும் விளக்கை மெல்ல ஏற்றுங்கள். காற்றிலிருந்து ஆள் உருவாகி வருவார், பின்னால் இருக்கும் நாற்காலி அவர் உடம்பு வழியே தெரியும். முதல்முறை போன் திரையில் அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடியில் இடம் வலமாகும். கொத்தனாரின் கரணை மற்ற காட்சிகளில் வலக்கையில் இருந்தால், இந்தக் காட்சிக்கு மட்டும் இடக்கையில் பிடிக்கச் சொல்லுங்கள்.

கரணை என்றதும் நினைவு வருகிறது. முதல் பாகத்தில் இருந்த மரப்பிடிக் கரணை தொலைந்துபோனது. பிளாஸ்டிக் பிடி போட்டதை வைத்து எடுத்தோம். ஒத்திகையாகப் போட்டுக் காட்டியதில் ஒரு பள்ளிச் சிறுவன் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்தான். மூன்று காட்சிகளைத் திரும்ப எடுத்தோம். பேயின் உடை, பொருள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, போட்டோ எடுத்து, ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

படி 6: ஒலி

தகரக் கூரையின் கீழ் வசனக் காட்சி வைக்காதீர்கள். மழை பெய்தால் ஒரு சொல்லும் தேறாது. திகில் இசைக்குச் சினிமாவிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம், உரிமைச் சிக்கல் வரும். ராவான் மேளம் வாசிக்கும் நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். தீயில் காட்டித் தோலை இறுக்கிய ராவானில் ஒரே ஒரு அடி, அதன்பின் அமைதி. அதுவே வயிற்றைக் கலக்கும்.

படி 7: வெட்டும் இடம்

சிரிப்பு உருவாவது எடிட்டிங்கில்தான். செருப்புக் காட்சியை முதலில் வேகமாக வெட்டினோம், யாரும் சிரிக்கவில்லை. பிறகு இப்படி அடுக்கினோம்: பாட்டி சொல்கிறார், பேய் குனிகிறது, வெறும் வாசற்படி 2 வினாடி, மறுபடி பேயின் முகம், ஒலியே இல்லாமல் 2 வினாடி. அப்புறம் பாட்டி, "சரி, அப்படியே வா." அந்த நான்கு வினாடியைக் குறைக்கச் சொல்லி யார் வந்தாலும் கேட்காதீர்கள். பேயின் காலை மறைக்கத் தனி வித்தை எதுவும் வேண்டாம். அவரை முழங்காலுக்கு மேல் எடுங்கள், வாசற்படியைத் தனியாக எடுங்கள்.

படி 8: போட்டுக் காட்டுங்கள்

தமிழிலும் கிரியோலிலும் வசன எழுத்து போடுங்கள், பெரிய எழுத்தாக. கேள்வி கேட்டவர்களுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வையுங்கள். நீங்கள் திரைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்து உட்காருங்கள், நோட்டோடு. அன்று கொத்தனாரைப் பற்றிக் கேட்ட பாட்டி இந்தமுறையும் வந்திருந்தார். தூக்குக்குண்டுக் காட்சியில் பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுச் சுவரும் அப்படித்தான் கோணல்" என்றார். அந்த நிமிடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.