ஷார்க் டேங்க் போகிறீர்களா? பாக்கெட் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்

மும்பை மாட்டுங்காவில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. தொழில் செய்கிறவர்கள் கம்பெனியில் பங்கு தருகிறேன் என்று முதலீட்டாளர்களிடம் பணம் கேட்கும் இந்தி டிவி நிகழ்ச்சி ‘ஷார்க் டேங்க் இந்தியா’. 2021 கடைசியில் அது வந்ததிலிருந்து, ஜிஎஸ்டி கட்ட வருகிறவர்கள் கூடவே ‘நானும் அதுக்குப் போகலாமா?’ என்றும் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். வாய் சாமர்த்தியம் இருந்தால் வீடியோ சுற்று, ஆடிஷன் எல்லாம் தாண்டிவிடலாம். முதலீட்டாளர்கள் முன்னால் நின்ற பிறகுதான் சிக்கல்.

முதலில் ஒரு பாக்கெட்டின் கணக்கு. தாராவியில் இட்லிப் பொடி செய்யும் ஒரு அக்காவை உட்கார வைத்து எழுதச் சொன்னேன். விலை, வரி போக 120 ரூபாய். கடைக்காரருக்கு 30. பருப்பு, மிளகாய், எள், கூலி சேர்த்து 46. பவுச்சும் ஸ்டிக்கரும் 9. வண்டிக்கூலி 8. நிற்பது 27. ‘இவ்வளவுதானா தம்பி?’ என்றார். இவ்வளவுதான், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தை இன்னும் கழிக்கவே இல்லை.

அடுத்தது, எவ்வளவு கேட்பது. 4 சதவீதப் பங்குக்கு 40 லட்சம் கேட்டால், கம்பெனி 10 கோடி பெறும் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆண்டு விற்பனை 60 லட்சம்தான் என்றால் அங்கேயே சிரித்துவிடுவார்கள். எதுவரை இறங்கலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ராயல்டி, அதாவது விற்பனையில் இத்தனை சதவீதம் எனக்கு, என்று யாராவது ஆரம்பித்தால் உஷார். விற்பனையில் 5 சதவீதம் என்றால், கடைக்குப் போடும் 90 ரூபாயில் 4.50 போய், அந்த 27 ரூபாய் 22.50 ஆகிவிடும்.

ஒத்திகையில் ‘போன வருஷம் எவ்வளவு விற்றது?’ என்று கேட்டால் அக்கா மாமியார் கைப்பக்குவத்தில் ஆரம்பிப்பார். எண் முதலில், மாமியார் அப்புறம் என்று நிறுத்தி நிறுத்திப் பழக்கினேன். இந்தியிலும் சொல்லிப் பாருங்கள். நம் ஆட்கள் பதற்றத்தில் ஒன்றரைக் கோடிக்கும் இரண்டரைக் கோடிக்குமான இந்திச் சொற்களை மாற்றிவிடுவார்கள். ஒரு கோடி எங்கிருந்தோ முளைத்துவிடும்.

தனி உரிமையாளர் பெயரில் நடக்கும் கடையில் பங்கு பிரித்துக் கொடுக்க முடியாது. பிரைவேட் லிமிடெட் ஆக்க வேண்டும். டிவியில் கை குலுக்கியதும் பணம் வந்துவிடாது. வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் வாங்கிச் சரிபார்ப்பார்கள். அதனால் பில் போடாமல் விற்றதையெல்லாம் மேடையில் விற்பனையோடு கூட்டிச் சொல்லாதீர்கள்.