துகள் மோதல் தரவில் மேடு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெனீவாவுக்கு அருகே புரோட்டான்களை மோதவிடும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரும் ஹாட்ரான் மோதுவியில் இயங்கும் சி.எம்.எஸ். ஆய்வுக்குழு, 2014 முதல் தன் தரவுகளின் ஒரு பகுதியைப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டு வருகிறது. மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒருவர் அதை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு, இரண்டு மியூவான்களின் (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள்கள்) கூட்டு நிறையை, அதாவது அவை ஒரே துகளிலிருந்து பிறந்திருந்தால் அத்துகளுக்கு இருந்திருக்கும் நிறையை, வரைந்து பார்த்தால், 3.1 ஜிஇவி-யில் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கும் அலகு) ஜே/சை, 9.46-இல் அப்சிலான், 91-இல் இசட் என்று பாடப்புத்தகத்துத் துகள்கள் வரிசையாக எழுந்து நிற்கும். அந்தத் தெம்பில், சிகரங்களுக்கு இடையே கிடக்கும் வெற்றுப் பரப்பில் புதிதாக ஏதேனும் மேடு அகப்படுமா என்று தேடத் தொடங்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

நாமே எழுப்பிய மேட்டைத் துகள் என்று எண்ணிவிடுவது அவற்றில் முதன்மையானது. ஒவ்வொரு மியூவானின் குறுக்கு உந்தமும் (கற்றைக்குச் செங்குத்தான திசையில் உள்ள உந்தம்) 20 ஜிஇவி-க்கு மேல் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்ததாகக் கொள்வோம். எதிரெதிராகப் பறக்கும் அத்தகைய இரு மியூவான்களின் கூட்டு நிறை 40-க்குக் குறையாது என்பதால், அதற்குக் கீழே நிகழ்வுகள் சட்டென்று வற்றிப்போகும். அதற்கு மேலேயோ பின்னணி (புதிய துகள் இல்லாமலே வரும் நிகழ்வுகள்) இயல்பாகவே சரிந்துகொண்டு செல்லும். இவ்விரண்டும் சேர்ந்து 40-ஐ ஒட்டி அழகான ஒரு மேட்டை உண்டாக்கிவிடும். சோதிப்பது எளிது: வரம்பை 25-க்கு உயர்த்தியதும் மேடும் 50-ஐ நோக்கி நகர்ந்தால், அதை எழுப்பியது நம் பைத்தான் நிரலின் ஒரு வரிதான். இதே வேலையை எந்த நிகழ்வைச் சேமிப்பது என்று உடனுக்குடன் தீர்மானிக்கும் டிரிகர் அமைப்பும் நம் கண்ணில் படாமல் செய்திருக்கும். விநாடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை கற்றைகள் ஒன்றையொன்று கடக்க, மிகச் சொற்பமான நிகழ்வுகளே சேமிக்கப்படுகின்றன. எந்த நிபந்தனையில் சேமித்தார்கள் என்று அறியாமல் வரைபடத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வரம்புகளைத் திருத்துவது இதைவிடத் தந்திரமான தவறு. மேடு சற்றே உயர்கிறது என்பதற்காக 20-ஐ 22 ஆக்கி, பிறகு 23 ஆக்கி நிறுத்துபவர், தற்செயலான ஏற்றத்தைத் தம்மை அறியாமல் தேர்ந்தெடுத்துவிடுகிறார். ஹிக்ஸ் துகளின் தேடலில் 2012-ஆம் ஆண்டுத் தரவை ஆராய்ந்தபோது, தேர்வு நிபந்தனைகள் முடிவாகும்வரை எதிர்பார்த்த பகுதியைத் திறந்து பார்க்காமலேயே சி.எம்.எஸ். குழு வைத்திருந்தது இதற்காகத்தான்.

எத்தனை இடங்களில் தேடினோம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஓரிடத்தில் 3 சிக்மா (தற்செயலான ஏற்றத்தாழ்வின் வழக்கமான அளவைப் போல் மூன்று மடங்கு) அளவுக்குத் தற்செயலாக ஏற்றம் வர 740-இல் 1 வாய்ப்புதான். ஆனால் 100 இடங்களைத் துழாவினால், ஏதாவது ஓரிடத்தில் அது தென்பட 8-இல் 1 வாய்ப்பு உண்டு. 2015 டிசம்பரில் அதே மோதுவியில் இயங்கும் அட்லஸ் குழு இரு ஃபோட்டான் நிறையில் 750 ஜிஇவி அருகே கண்ட மேடு, அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் 4 சிக்மாவை நெருங்கியது. தேடிய பரப்பு முழுவதையும் கணக்கில் கொண்டால் 2 சிக்மா அளவுக்கு இறங்கியது. கோட்பாட்டாளர்கள் அதற்குள் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை எழுதிவிட்டார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தபோது மேடு இல்லை.

5 சிக்மா என்றால் துகள் இருப்பது 99.99997 விழுக்காடு உறுதி என்று எழுதுவதும் பிழை. பின்னணி மட்டுமே இருந்தால் இவ்வளவு பெரிய ஏற்றம் வர ஏறத்தாழ 35 லட்சத்தில் 1 வாய்ப்பு என்பதே அதன் பொருள். கருவிக் கோளாறு அந்தக் கணக்குக்குள் வராது; ஒளியின் வேகத்தை மிஞ்சிய நியூட்ரினோ (பொருளோடு அரிதாகவே வினைபுரியும் மிக நுண்ணிய துகள்) என்று 2011-இல் ஓபரா குழு 6 சிக்மாவோடு அறிவித்ததன் பின்னால் சரியாகப் பொருந்தாத ஒளியிழைக் கம்பி இருந்தது.

நம் பக்கத்துக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துக்குத் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தை ஜெனீவாவின் மோதுவியைப் போன்றதென்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைக் கவனிப்பதே அதன் நோக்கம். எதையும் மோதவிடும் ஏற்பாடு அதில் கிடையாது. அதற்கு முன்மாதிரியாக மதுரையில் அமைத்த 85 டன் மினி-ஐகால் கருவிக்குக் காஸ்மிக் மியூவான்தான் (விண்வெளிக் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான்) தரவு. அதே மியூவான், நிலத்துக்கு அடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் உள்ள சி.எம்.எஸ். கருவிக்குள் மேலே நுழைந்து கீழே வெளியேறினால், எதிரெதிர் திசையில் பறந்த இரு மியூவான்களாகப் பதிவாகும். ஆகவே தடங்கள் மோதல் புள்ளியை விட்டு எவ்வளவு விலகியுள்ளன, இடைக்கோணம் 180 பாகையை ஒட்டியிருக்கிறதா, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே கணத்தில் பதிவானவையா என்பவற்றைச் சரிபார்த்த பிறகே அந்த நிகழ்வை வரைபடத்தில் சேர்க்க வேண்டும்.