காசநோய்ப் பரிசோதனைக்குச் சளி மாதிரி எடுத்து அனுப்பும் முறை

நோயாளியின் கையில் குப்பியைக் கொடுத்து, "சளி எடுத்து வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பெரும்பாலும் திரும்பி வருவது எச்சில்தான். ஆய்வகத்துக்கு வேண்டியதோ நுரையீரலின் ஆழத்திலிருந்து இருமலோடு வரும் கெட்டியான நெஞ்சுச்சளி. நுண்ணோக்கியில் கிருமி தென்படுவதற்கு ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும் என்பதால், எச்சிலைப் பரிசோதித்து 'கிருமி இல்லை' என்று வரும் முடிவுக்குப் பொருளே இல்லை.

காசநோய் மருந்தைத் தொடங்கும் முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். பொதுவாக இரண்டு மாதிரிகள் கேட்கப்படும்: ஒன்று மருத்துவமனைக்கு வந்த அன்றே எடுப்பது, மற்றொன்று காலையில் விழித்தவுடன், எதுவும் உண்ணும் முன் எடுப்பது. இரவு முழுதும் சேர்ந்த சளி கிடைப்பதால் காலை மாதிரியில் கிருமி தென்படும் வாய்ப்பு கூடுதல்.

முதலில் குப்பியின் மூடியில் அல்லாமல் பக்கவாட்டில் பெயரும் நாளும் எழுதுங்கள். ஆய்வகத்தில் மூடி கழற்றப்படும்போது மாறிப்போகக்கூடும். பிறகு சுத்தமான நீரால் வாயைக் கொப்பளித்து, காற்றோட்டமான வெட்டவெளியில், பிறர் அருகில் இல்லாத இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துச் சற்று நிறுத்தி விட்டபின், அடிவயிற்றிலிருந்து பலமாக இருமி, வரும் சளியைக் குப்பிக்குள் துப்புங்கள். கழிப்பறையும் மூடிய அறையும் இதற்கு ஏற்றவை அல்ல. 2 முதல் 5 மில்லிலிட்டர் வரை சேர வேண்டும். ஒரே இருமலில் வராவிட்டால் பொறுத்திருந்து மீண்டும் முயலலாம். சளியே துப்பத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு மருத்துவமனையில் வேறு வழிகள் உண்டு. வீட்டில் வற்புறுத்த வேண்டாம்.

மூடியைத் திருகி இறுக்கி, கைகளைச் சோப்பால் கழுவுங்கள். அன்றே ஒப்படைப்பது நல்லது. தாமதமானால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. வெயிலிலும் வெப்பத்திலும் காசநோய்க் கிருமி மடிய, வாயிலிருந்து கலந்த பிற கிருமிகள் பெருகி, காசநோய்க் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையைக் கெடுத்துவிடும்.

வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும் பணியாளர், குப்பியை உறிஞ்சும் பஞ்சால் சுற்றி, கசியாத பையிலிட்டு, குளிர்க்கட்டிகளுடன் உறுதியான பெட்டியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். பரிசோதனைப் படிவத்தைக் குப்பியோடு சேர்த்துச் சுற்றாமல் தனி உறையில் வையுங்கள். கசிந்தால் முதலில் அழிவது அதிலுள்ள பெயர்தான்.