பழைய கால இரவை எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

மின்சாரத்துக்கு முந்தைய காலத்தைக் கதையாக எழுதுபவர்களும் படமாக எடுப்பவர்களும் உடையையும் பாத்திரத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். ஆனால் விளக்கை மட்டும் ஏற்றி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேதான்.

முதல் பிழை, அறை நிறைய வெளிச்சம். ஒரு மெழுகுவர்த்தி தருவது ஏறக்குறைய 12 லுமென் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு). பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 800. அறுபதுக்கும் மேற்பட்ட மெழுகுவர்த்திகள் சேர்ந்தால்தான் ஒரு பல்புக்கு ஈடு! விளக்கு ஏற்றியது கையில் இருக்கும் வேலைக்காக. தைப்பவரும் படிப்பவரும் ஒரே சுடரை ஒட்டி உட்கார்ந்தார்கள், மற்ற இடமெல்லாம் இருட்டுதான். அந்த இருட்டில் ஒருவர் எதிர்ச்சுவர் ஓவியத்தின் நிறங்களை ரசிப்பதாக எழுதாதீர்கள்.

அதைவிடப் பெரியது காலக் குழப்பம். 1700களின் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரிவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. அது 1850களின் விளக்கு. இக்னாசி லூகாசிவிச் என்ற மருந்தாளர் உருவாக்கிய மண்ணெண்ணெய் விளக்கு 1853இல் லிவீவ் நகர மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு ஒளி கொடுத்தது. அதற்கு முன் எரித்த தாவர எண்ணெயும் மீன் எண்ணெயும் கெட்டியானவை, திரியில் அதிக உயரம் ஏறாது. அதனால் எண்ணெய் சுடரை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருந்தாக வேண்டும். அகல் தட்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம். எண்ணெயை மேலே ஏற்றக் கடிகாரம் போலச் சாவி கொடுக்கும் பம்பு வைத்த விளக்கைக்கூட 1800இல் கார்செல் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் செய்தார். மண்ணெண்ணெய் நீர்த்தது, நீளத் திரியில் தானாக ஏறிவிடும். அடியில் எண்ணெய்த் தொட்டி, மேலே சுடர் என்ற எளிய வடிவம் இதனால்தான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. கண்ணாடிச் சிம்னி மட்டும் முன்பே, 1780களில், ஆர்காண்ட் என்பவர் உருவாக்கிய எண்ணெய் விளக்கோடு வந்துவிட்டது.

தீக்குச்சியும் அப்படித்தான். ஜான் வாக்கர் உரசினால் பற்றும் குச்சியை விற்கத் தொடங்கியது 1827இல். அதற்கு முன் சிக்கிமுக்கிக் கல், இல்லையென்றால் அடுப்பில் மூடி வைத்த கங்கு.

சரி, மெழுகுவர்த்தியை ஏற்றியாயிற்று. அப்புறம் அதை யாரும் தொடவே மாட்டார்களா? விலங்குக் கொழுப்பில் செய்த வர்த்தி நாறும், உருகி ஒழுகும். அதன் திரி எரியாமல் கருகி நீண்டுகொண்டே போகும். அடிக்கடி கத்தரிக்காவிட்டால் வெளிச்சம் குன்றிப் புகை எழும். 1820களில் வந்த பின்னல் திரிதான் சுடரின் ஓரத்துக்கு வளைந்து தானே எரிந்து தீர்ந்தது. அதற்கு முந்தைய காலக் கதையென்றால் யாராவது ஒருவர் கத்தரியோடு எழுந்து வரட்டும்.

பல்பு வந்ததும் மற்றதெல்லாம் அணைந்துவிட்டதாகவும் காட்டாதீர்கள். எடிசன் 1879இல் பல்பை எரியவிட்ட பிறகுதான், 1885இல், வெல்ஸ்பாக் என்பவர் எரிவாயு விளக்குக்கு மேன்டில் கண்டுபிடித்தார்; சுடரின் சூட்டில் பளிச்சென்று ஒளிரும் வலை உறை அது. அந்தப் பிரகாசத்தால் வாயு விளக்கு மின்விளக்கோடு இன்னும் பல பத்தாண்டுகள் போட்டி போட்டது.